தொள்ளாயிரத்துப் பதினேழாம் க்யூ

எனக்குக் கோபம் அதிகம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டினால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

என் பெயர் சுந்தரவல்லி. அப்பா சுயம்புலிங்கத்துக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் எனக்கு வத்தல் என்று பட்டப்பெயர், மிளகாய் வத்தல். கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்ததும் அடையாறில் ஓர் அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்தது. "கல்யாணம் வரைக்கும் போயிட்டு வரட்டும். வீட்டுல இருந்தா நம்மளப் போட்டு வறுத்து எடுத்துருவா" என்று சொல்லி அப்பா அனுமதி கொடுத்தார்.

அங்கே எங்கள் வேலை கடலை அளப்பது. கரையோரம் ஐந்து இடங்களில் கருவி வைத்திருந்தார்கள். தண்ணீர் மணிக்கு மணி எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்ற அளவெல்லாம் துளையிட்ட காகித நாடாவாக எங்களிடம் வந்து சேரும். நாடாவைப் படிக்க ஒரு புரோகிராம்; படித்ததைக் கணக்குப் போட்டு அச்சடிக்க இன்னொரு புரோகிராம். முதலாவதை எழுதியவள் நான். இரண்டாவதை எழுதியவன் கங்காதரன்.

கங்காதரன் பட்டினப்பாக்கத்துக்காரன். அவன் அம்மா தேசம்மா ரோட்டோரம் கூடை வைத்து மீன் விற்று, ஒற்றை ஆளாக அவனை இன்ஜினியராக்கியவள். கடல் ஏறுவதையும் இறங்குவதையும் கண்டுபிடிக்க அரசாங்கம் மெஷின் வாங்கியிருக்கிறது என்று அவன் போய்ச் சொன்னபோது, "நம்ம சந்துல எவனைக் கேட்டாலும் சொல்வானே, அதுக்கு இன்னாத்துக்குடா மெசினு?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம். இதை அவன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். எனக்கு அப்போதே அவனைப் பிடித்துவிட்டது, ஒப்புக்கொள்ளத்தான் ஆறு மாதம் ஆயிற்று.

சிக்கல் ஷிப்டில் இருந்தது. பெண்களுக்குக் காலை ஷிப்ட் மட்டும், எட்டு மணியிலிருந்து மூன்றரை வரை. மூன்று முப்பத்தைந்துக்கு ஆபீஸ் வேன் கிளம்பிவிடும். ஏறாதவள் மறுநாள் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். கங்காதரனுக்கு இரண்டாவது ஷிப்ட், மூன்றேகாலுக்கு வருவான். ஆக ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம்தான் இருவரும் ஒரே அறையில் இருப்போம். அந்தப் பதினைந்து நிமிஷமும் எங்கள் செக்‌ஷன் தலைவர் ஸ்ரீரங்கன் சார் நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் புரோகிராம்களுக்கும் இதே சிக்கல்தான். ஒரே மெஷினுக்குள் ஓடினாலும் ஒன்றின் இடத்தில் மற்றது கை வைக்க முடியாது, மெஷின் விடாது. அப்படியானால் நான் படித்த அளவுகளை அவன் புரோகிராமுக்கு எப்படிக் கொடுப்பது? அதற்காக ஏற்படுத்தியதுதான் க்யூ. ரேஷன் கடை க்யூவேதான், நிற்பது மனிதர்கள் இல்லை, செய்திகள். முதலில் வந்தது முதலில் போகும். ஒவ்வொரு க்யூவுக்கும் ஓர் எண். ஒரு புரோகிராம் ஓர் எண்ணைச் சொல்லிக் க்யூவை உருவாக்கும். அந்த எண் தெரிந்த இன்னொரு புரோகிராம் அதை அணுகும். அனுப்புகிறவர் செய்தியைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். வாங்குகிறவர் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எடுக்க ஆள் வரும்வரை செய்தி மெஷினின் மெமரியில் காத்திருக்கும். ஒவ்வொரு செய்தியோடும் அது என்ன வகை என்று ஓர் எண் போகும்: ஒன்று என்றால் சரி, இரண்டு என்றால் மறுப்பு, மூன்று என்றால் வெறும் தகவல்.

சண்டை வந்தது என் புரோகிராமின் தொள்ளாயிரத்துப் பதினேழாவது வரியில். ஒரு க்யூவை அணுகப் போகிறோம், அந்த எண்ணில் க்யூவே இல்லை, அப்போது என்ன செய்வது? தவறு என்று அச்சடித்துவிட்டு நின்றுவிட வேண்டும் என்றான் கங்காதரன். சத்தமில்லாமல் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு வேலையைத் தொடரட்டும் என்றேன் நான்.

"எதுக்கெடுத்தாலும் நின்னு கத்துற புரோகிராம் எனக்குப் பிடிக்காது. க்யூ இல்லேன்னாலும் செய்தி இல்ல. காலியா இருந்தாலும் செய்தி இல்ல. ரெண்டும் ஒண்ணுதானே?"

"இன்னா மேடம் ரெண்டும் ஒண்ணு? எங்கம்மா கூடை காலியா கீதுன்னா மீன் வித்துப்போச்சுன்னு அர்த்தம். கூடையே காணோம்னா எவனோ தூக்கிக்கினு பூட்டான்னு அர்த்தம். ரெண்டுக்கும் ஒரே மாதிரி சும்மா குந்திக்கினு இருப்பீங்களா?"

தோற்கும்போதுதான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறும். நேராக ஸ்ரீரங்கன் சாரிடம் போனேன். "ஏம்ப்பா, அவதானே எழுதறா? அவ இஷ்டப்படி விட்டுடேன். தினம் தினம் சண்டை போட்டுண்டு" என்று அவர் கங்காதரனிடம் அலுத்துக்கொண்டார். நான் ஜெயித்தேன். அந்த வரி நான் எழுதியபடியே நின்றது.

மறுநாள் காலை மெஷினில் புதிதாக ஒரு க்யூ இருந்தது. எண் தொள்ளாயிரத்துப் பதினேழு. உள்ளே ஒரு செய்தி, வகை இரண்டு. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "கூடை எங்கே மேடம்?"

நான் தனியாக நின்று சிரித்தேன். மூன்றரைக்குள் பதில் போட்டேன்: "வித்துப்போச்சு."

அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பதினான்கு மாதம். காலையில் வந்ததும் நான் அவன் செய்தியை எடுப்பேன். கிளம்புவதற்கு முன் என்னுடையதைப் போடுவேன். சாயங்காலம் அவன் எடுப்பான். அவன் அம்மாவுக்குக் காய்ச்சல், எங்கள் கடையில் தீபாவளிக் கூட்டம், வேனில் யாருடன் யாருக்குச் சண்டை, தை மாதம் தண்ணீர் ஏன் பச்சையாகத் தெரிகிறது, எல்லாம் அதில் போய் வந்தது. ஒரு தடவை, "நேத்து நீ மஞ்சப் பொடவை, நானு பதினஞ்சு நிமிசமும் நாடாவைத் தலைகீழா வெச்சிக்கினு நின்னேன்" என்று எழுதியிருந்தான். நேரில் பேசியதென்னவோ "டேப் அங்க இருக்கு", "சரி மேடம்" என்பதுதான். வெளியே சந்தித்தது மொத்தம் மூன்று முறை, மூன்றும் சாந்தோம் கடற்கரையில், சுண்டல் ஆறிப்போகும்வரை.

எடுத்துப் படித்த செய்தி க்யூவிலிருந்து போய்விடும். இரண்டாம் தடவை படிக்க வழி கிடையாது. நான் ஒன்றைக்கூட எழுதி வைத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு இன்னொன்று வரத்தானே போகிறது என்ற திமிர்.

எழுபத்தேழு நவம்பரில் இரண்டு விஷயம் சேர்ந்து வந்தது. அவனுக்குப் பம்பாயில் வேலை கிடைத்தது; பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை இங்கே கடைசி நாள், அடுத்த செவ்வாய்க்கிழமை ரயில். எனக்குத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். பெயர் நல்லசிவம். அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறார்கள் என்று அப்பா சொன்னார். "பையன் தங்கம்ளா. உன் வாய்க்குத் தாங்குவான்" என்றார்.

அதை நான் க்யூவில் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை அவன் பதிலை எடுத்தேன். "பம்பாய்க்கு நீயும் வரியான்னு கேக்க எனக்கு வாய் வரல வல்லி. உங்க வூடு எங்க, எங்க வூடு எங்க. உங்கப்பா தாங்குவாரா? யோசிச்சிக்கினே கீறேன்" என்று எழுதியிருந்தான்.

யோசிக்கிறானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்கார்ந்து தட்டினேன்:

"திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டினப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் நில். நான் வருகிறேன். உன் அம்மா முன்னால் மாலை மாற்றிக்கொள்வோம். சரி என்றால் வகை ஒன்று அனுப்பு. முடியாது என்றால் வகை இரண்டு. ஒன்றுமே அனுப்பாவிட்டால் உனக்குத் தைரியம் இல்லை என்று எடுத்துக்கொள்வேன். அப்புறம் என் முகத்தில் முழிக்காதே."

கடைசி இரண்டு வரி தேவையா? கல்யாணம் கேட்கிற பெண் எழுதுகிற வரியா அது? ஆனால் எழுதினேன்.

மூன்றேகாலுக்கு அவன் நனைந்துகொண்டே வந்தான். அன்று அவனுக்கு வழியனுப்பு என்று ஸ்ரீரங்கன் சார் போண்டாவும் காபியும் வரவழைத்திருந்தார். எல்லாரும் சுற்றி நின்றார்கள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு, "டேப் அங்க இருக்கு. ஒண்ணு விடாம பாத்துடுங்க" என்றேன். அவன் கையில் போண்டாவோடு என்னை நிமிர்ந்து பார்த்தான். "பாத்துடறேன் மேடம்" என்றான். நான் வேனுக்கு ஓடினேன்.

சனிக்கிழமை விடியும்போது ஊரே மழையும் காற்றுமாக இருந்தது. ஆந்திராப் பக்கம் புயல் என்றார்கள். நான் எட்டு மணிக்கு ஆபீசுக்குள் நுழைந்தபோது ஸ்ரீரங்கன் சார் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தார்.

"விடிகார்த்தால நாலரைக்குக் கரண்ட் போயிடுத்தும்மா. வரதுக்கு அஞ்சே முக்கால் ஆச்சு. மயிலாப்பூர்லேர்ந்து நனைஞ்சுண்டு ஓடி வந்து மெஷினைத் திரும்பக் கிளப்பினேன். ஆத்துல காபி கூடக் குடிக்கலை."

"அச்சச்சோ" என்று சொல்லிவிட்டு நான் மெஷினிடம் போனேன். அவர் சொன்னது காதில் விழுந்தது. இதை நான் மறைக்க மாட்டேன். நன்றாகவே விழுந்தது. அவ்வளவு படித்தவள், அந்தக் க்யூவைத் தேடும் வரியைக் கையால் எழுதியவள், காதில் வாங்கி அப்படியே விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது ஒரே ஓர் எண்.

தொள்ளாயிரத்துப் பதினேழு என்று தட்டினேன். மெஷினின் தட்டச்சுக் கருவியான டெலிடைப்பில் என் புரோகிராம் கடகடவென்று அடித்தது: நோ மெசேஜ்.

மறுபடி தட்டினேன். நோ மெசேஜ். நாலு தடவை தட்டினேன். நாலு தடவையும் அதேதான்.

அன்று நான் எப்படி வீட்டுக்குப் போனேன் என்று நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாவோடு அரிசி புடைத்தேன், முறத்தை இரண்டு தடவை கவிழ்த்தேன். வகை இரண்டையாவது அனுப்பியிருக்கலாமே என்பதுதான் என் கோபம். முடியாது என்று ஒரு வார்த்தை. அதற்குக்கூட வக்கில்லாதவனுக்காகவா பதினான்கு மாதம்? போய்ப் பார்த்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தி. நகரிலிருந்து பட்டினப்பாக்கம் என்ன அமெரிக்காவா? ஆனால் வராதவனுக்காக பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறவளா நான்? போகவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஆபீஸ் போனேன். பத்து மணி அடித்தது. பன்னிரண்டரைக்கு எங்கள் டெலிபோன் ஆபரேட்டர் ஜைதூன் பீ அக்கா என் மேஜைக்கே வந்தார்.

"வல்லி, உனக்கு போன். கங்காதரன் சாரு. குரலே சரியில்லை. வந்து பேசும்மா."

"நான் இல்லைன்னு சொல்லிடுங்கக்கா."

"இங்கதானே உக்காந்திருக்கே?"

"இல்லைன்னு சொல்லுங்க."

மூன்று மணிக்கு மறுபடி வந்தது. மறுபடி இல்லை என்று சொல்லச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். ஒரே ஓர் எண்ணை அனுப்பத் துணிவில்லாதவன் போனில் வந்து அழப்போகிறானாக்கும், அழட்டும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அவன் ரயில் போயிற்று. புதன்கிழமை எனக்கு நிச்சயமாயிற்று. தையில் கல்யாணம்.

நல்லசிவம் நல்லவர். தி. நகரிலேயே ஒரு வீடு பார்த்தார், அப்பாவின் கடையைக் கவனித்துக்கொண்டார், வேலைக்குப் போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் எரிந்து விழுந்தால், "காப்பி போடட்டுமா?" என்று கேட்கிற மனிதர். அவர் பேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கங்காதரன் இடத்துக்கு உமர் ஃபாரூக் என்று ஒருவர் வந்தார். அமைதியானவர், என்னைவிட இரண்டு வயது பெரியவர். எழுபத்தெட்டு அக்டோபரில், காலை ஷிப்டுக்கு மாறிய முதல் நாள் அவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"மேடம், நேத்து சாயங்காலம் அறுபது அளவு கையாலேயே டைப் பண்ணி க்யூவுல போட்டேன். நாடா இல்லாத ஸ்டேஷனோடது. இன்னிக்கு உங்க புரோகிராம் செய்தியே வரலைன்னு அடிக்குது."

"நீங்க போட்டிருக்க மாட்டீங்க" என்றேன். என் புரோகிராமைக் குறை சொன்னால் எனக்கு வருகிற முதல் பதில் அதுதான்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு டெலிடைப்பில் மெஷின் தன்பாட்டுக்கு அடித்துத் தள்ளுகிற குறிப்புத் தாளைக் கிழித்து எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். எந்தக் க்யூவில், எத்தனை மணிக்கு, எந்த வகை, எவ்வளவு நீளமான செய்தி விழுந்தது என்று அதில் ஒவ்வொரு வரியாக இருக்கும். செய்தி என்ன என்பது மட்டும் இருக்காது. அவர் போட்ட அறுபதும் அதில் இருந்தன. அதற்குக் கீழே, ராத்திரி கரண்ட் போய், மெஷின் மறுபடி தொடங்கிய வரி. அதற்கும் கீழே ஒரு வரி: க்யூ உருவாக்கப்பட்டது. உருவாக்கியது என் புரோகிராம்.

"பாருங்க, கரண்ட் போனா மெமரி துடைச்சுப் போயிடும். க்யூவும் அதோட போயிடும்" என்று நான் அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். "நாடாவுல வர்ற அளவுன்னா நாடாவைத் திரும்பப் படிச்சு மறுபடி போட்டுடும், அதனால இத்தனை நாள் தெரியலை. உங்களது கையால போட்டது. காலைல என் புரோகிராம் வந்து க்யூவைத் தேடியிருக்கு. க்யூ இல்லை. தொள்ளாயிரத்துப் பதினேழாவது வரியில அது என்ன பண்ணும்னா, சத்தம் போடாம புதுசா ஒண்ணு உருவாக்கிட்டு, அது காலியா இருக்கிறதைப் பாத்து, செய்தி இல்லைன்னு..."

"மேடம்?" என்றார் உமர் ஃபாரூக்.

நான் எழுந்து பழைய தாள்கள் வைக்கிற அறைக்குப் போனேன். ஆடிட்டுக்காக மூன்று வருஷத்துத் தாள்களையும் மாதவாரியாகக் கட்டி வைத்திருப்பார்கள். எழுபத்தேழு நவம்பர்க் கட்டு மேல் தட்டில் இருந்தது. சணல் கயிற்றை அவிழ்க்க வரவில்லை, பல்லால் கடித்தேன். தாள் மடிப்பு மடிப்பாகத் தரையில் இறங்கியது.

பதினெட்டாம் தேதி. இரவு ஏழு ஐம்பத்திரண்டு. க்யூ தொள்ளாயிரத்துப் பதினேழு. செய்தி சேர்ந்தது. வகை ஒன்று. நீளம் இருநூற்றுப் பன்னிரண்டு.

அதற்குப் பிறகு காலை ஏழு நாற்பது, மெஷின் தொடக்கம். எட்டு நாலுக்கு, க்யூ தொள்ளாயிரத்துப் பதினேழு உருவாக்கப்பட்டது. உருவாக்கியவள் நான். நான் நின்ற இடத்திலிருந்து இரண்டடியில் இந்த வரி அச்சாகியிருக்கிறது. குனிந்து பார்த்திருந்தால் போதும்.

வகை ஒன்று. சரி என்று சொல்லியிருக்கிறான்.

அதற்கு அந்த ஒன்று மட்டும் போதும். ஓர் எழுத்துகூடத் தேவையில்லை. அவன் இருநூற்றுப் பன்னிரண்டு எழுத்து எழுதியிருக்கிறான். என்ன எழுதினான்? மெஷினுக்குத் தெரிந்திருந்தது, கரண்ட் போனதும் அதற்கும் தெரியாமல் போயிற்று. நான் தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். பின்னாலேயே வந்த உமர் ஃபாரூக் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, வெளியே காவல் மாதிரி நின்றுகொண்டார். யாரோ தாள் எடுக்க வந்தபோது, "உள்ள தூசி அதிகமா இருக்கு, அப்புறம் வாங்க" என்று அவர் சொன்னது கேட்டது.

அன்று வேனில் ஏறவில்லை. பஸ் பிடித்துப் பட்டினப்பாக்கத்தில் இறங்கினேன். பதினொரு மாதத்துக்கு முன்னால் இறங்கியிருக்க வேண்டிய நிறுத்தம். ரோட்டோரம் வரிசையாகக் கூடைகள். தேசம்மா யார் என்று கேட்டேன், கை காட்டினார்கள். பெரிய பொட்டு, வெற்றிலைச் சிவப்பில் வாய், கத்தியில் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். முகம் அப்படியே கங்காதரனுடையது.

"இன்னா வோணும்? வஞ்சிரமா, சங்கராவா?"

"நான் கங்காதரனோட ஆபீஸ்ல வேலை பாத்தேன்."

கத்தி நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கழுத்தைப் பார்த்தாள், தாலியை. "வல்லியா நீ?" என்றாள்.

நான் தலையசைத்தேன்.

"அன்னிக்கி நான் கூடையே எடுக்கல. மயிலாப்பூர் குளத்தாண்ட போயி நான்தான் ரெண்டு மாலை வாங்கியாந்தேன். சம்பங்கி. தோ, அந்த ஸ்டாப்புல மாலையைக் கையில வெச்சிக்கினு நின்னான். பத்து மணிக்கு நிக்க ஆரம்பிச்சவன், ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பாத்துக்கினே நின்னான். மழை வேற. பன்னெண்டு மணிக்கு நானே போயி, வாடா நைனான்னு கூப்புட்டேன். வரல. கடையாண்ட போன் பண்ணிட்டு வந்து, 'இல்லன்னு சொல்றாங்கம்மா'ன்னான். மறுபடி போயி நின்னான்." அவள் கத்தியைத் துடைத்தாள். "இப்ப இன்னாத்துக்கு வந்த?"

சொன்னேன். க்யூ, கரண்ட், வரி என்று எதையும் சொல்லவில்லை. "அவர் அனுப்பின பதில் எனக்கு வந்து சேரவே இல்லம்மா. சரின்னு சொன்னதே எனக்கு இன்னிக்குக் காலைலதான் தெரியும். அவருக்குத் தைரியம் இல்லைன்னு நினைச்சு நான் வரல" என்றேன்.

தேசம்மா கூடையில் இருந்த மீனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி வைத்தாள்.

"அதுல என்ன எழுதினார்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"என்னாண்ட சொல்வானா? வெள்ளிக்கெழம ராத்திரி வேலை முடிச்சிட்டு வந்து, சிரிச்சிக்கினே சோறு துன்னான். அது மட்டும் தெரியும்."

"அவரோட பம்பாய் அட்ரஸ் குடுங்கம்மா. ஒரே ஒரு கார்டு போடறேன். நான் ஏமாத்தலைன்னு மட்டும்."

"வாணாம்."

"அம்மா..."

"வாணாம்மா. கேளு. நீ வஞ்சிச்சிட்டேன்னு நெனச்சிக்கினுதான் அவன் எழுந்து நின்னான். உன்மேல கீற கோவம்தான் அவனைத் தூக்கி நிறுத்திச்சி. வர்ற தையில கண்ணாலம். நல்ல பொண்ணு, காசிமேடு. இப்பதான் லெட்டர்ல ரெண்டு வார்த்தை சிரிச்சி எழுதறான். நீ வஞ்சிக்கலன்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான். உனக்கு ஒரு புருசன் கீறான். அந்தக் காசிமேட்டுப் பொண்ணுக்கும் ஒருத்தன் வோணும். அவன் நெனப்புல நீ கெட்டவளாவே இருந்துட்டுப் போ." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "உன் காலைப் புடிச்சிக் கேக்கறேன்."

என்னை யார் என்ன சொன்னாலும் பதிலுக்குப் பத்து சொல்கிறவள் நான். அன்று எனக்குக் கோபமே வரவில்லை. "சரிம்மா" என்றேன்.

அவள் நாலு துண்டு வஞ்சிரத்தை இலையில் சுற்றி என் கையில் திணித்தாள். "மீன் வாங்க வந்தவ மாதிரி எடுத்துக்கினு போ. நாலு பேர் பாக்கறாங்க. கண்ணைத் தொடச்சிக்கோ" என்றாள்.

பஸ்ஸில் மடியில் மீனோடு உட்கார்ந்திருந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு இங்கிலீஷ் எழுத்தில் என்னென்ன சொல்லலாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். "வரேன்" என்றால் ஐந்து எழுத்து. "அம்மாவிடம் சொல்லிவிட்டேன்" என்றால் இருபதுக்கு மேல். எவ்வளவு எண்ணினாலும் மீதி இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது நல்லசிவம், "மீன் ரொம்ப நல்லாருக்கே, எங்க வாங்குன?" என்று கேட்டார். பட்டினப்பாக்கம் என்றேன். "இனிமே அங்கயே வாங்குவோம்" என்றார்.

மறுநாள் காலை தொள்ளாயிரத்துப் பதினேழாவது வரியை எடுத்துவிட்டேன். உருவாக்குவது வேறு, அணுகுவது வேறு என்று இரண்டாகப் பிரித்தேன். அணுகும்போது க்யூ இல்லாவிட்டால், இல்லை என்று அடித்துவிட்டு நிற்க வேண்டும். எழுதி முடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்தில் நின்ற உமர் ஃபாரூக், "எந்த நம்பர் குடுத்துப் பாக்கலாம் மேடம்?" என்று கேட்டார்.

நான் தொள்ளாயிரத்துப் பதினேழு என்று தட்டினேன். டெலிடைப் ஒரு வரி அடித்தது. அந்த எண்ணில் க்யூ இல்லை என்றது. அதோடு நின்றது.

"சரியா வேலை செய்யுது மேடம்" என்றார் அவர்.

ஆமாம் என்றேன். அந்த நவம்பர்ச் சனிக்கிழமை காலை எட்டு நாலுக்கு இந்த வரி அடித்திருந்தால், திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் அந்த பஸ்ஸிலிருந்து இறங்கியிருப்பேன்.